உயிரோடு போனவனுக்கு அழக்கூடாது

மாவு பிசைந்துகொண்டிருந்த குல்பாராவின் வாயிலிருந்து அவளையறியாமலே அந்த ராகம் வந்துவிட்டது. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் முனகல்தான். ஆனாலும் அது என்ன ராகம் என்று கொச்கோர் மலையூர்ப் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாவு வீட்டில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இழுக்கிற ராகம்.

உள்ளே கைத்தடி தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. மாமியார் தூர்சுன் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"யாருக்குடி இந்த ஒப்பாரி?"

குல்பாராவின் கை மாவிலேயே நின்றது.

"என் மகன் உயிரோட இருக்கான். பட்டணத்துல நல்லா தின்னுட்டு, நல்லா உடுத்திட்டு இருக்கான். உயிரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வச்சு, அவனைக் குழிக்குள்ள இழுத்து விடப் பாக்குறியா?"

"தெரியாம வந்துருச்சு அத்தே..."

"தெரியாம வருமாம்ல. இந்த நாக்குதான் அவனை வீட்டை விட்டே விரட்டுச்சு. இன்னும் அதுக்குப் பசி அடங்கல."

சொல்லிவிட்டுத் தடியைத் தட்டிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். குல்பாரா மாவை மட்டும் இரண்டு குத்து கூடுதலாகக் குத்தினாள். அன்றைக்கு ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது, அது வேறு விஷயம்.

புருஷன் குபாத் போனது வசந்தத்தின் தொடக்கத்தில். காரில் கியர் சரியில்லை, பிஷ்கெக் பட்டணம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். வழிக்கு வேண்டுமே என்று குல்பாரா ரொட்டியும் வெண்ணெயும் கட்டிக் கொடுத்தாள். கார் சரியானதோ இல்லையோ, அவன் திரும்பவில்லை. பிறகு அவன் அக்காவின் கைப்பேசிக்குக் குரல் செய்தி ஒன்று வந்தது. சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருத்தியோடு இருக்கிறானாம். இனி வரமாட்டானாம். முறிந்தது முறிந்ததுதானாம். அந்த அக்கா புண்ணியவதி, அதை அம்மா முன்னாலும் மனைவி முன்னாலும் சத்தமாகப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனாள். பதினாறு வருஷ வாழ்க்கை, ஒரு பசுவைக் கறந்து முடிக்கிற நேரத்தில் தீர்ந்துபோயிற்று.

குல்பாராவுக்கு அவன்மேல் உயிர். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அவள் முகம் மலர்ந்துவிடும். அந்தச் சத்தம் நின்றுபோனதும், நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கிப்போட்ட மாதிரி இருந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதலில் கூப்பிடுவது குல்பாராவைத்தான். அவள் இழுத்தால் கல்லும் கரையும். செத்தவனோடு வரப்புச் சண்டை போட்டவனும் விக்கி விக்கி அழுவான். இப்படி அழக்கூடாது, மார்க்கத்துக்கு ஆகாது என்று முல்லா ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார். ஆனால் அவர் தாயார் செத்தபோது அவரும் இவளைத்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

அப்படி ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு, தன் துக்கத்துக்கு அழ ஒரு இடம் இல்லை. குபாத் செத்திருந்தால் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியிருக்கும். ஊரே வந்து கட்டிக்கொண்டு அழுதிருக்கும். தலையில் கறுப்புத் துணி கட்டுவார்கள். வருஷம் திரும்பினால் பெரியவர்கள் வந்து அதை அவிழ்த்து வெள்ளையைக் கட்டி, போதும் மகளே, எழுந்திரு என்பார்கள். விட்டுப்போனவனின் பெண்டாட்டிக்குக் கறுப்பும் கிடையாது, வெளுப்பும் கிடையாது. அண்டை வீட்டு பெர்மெட் புளித்த மாவு கடன் கேட்க வருவாள். மாவைப் பார்க்க மாட்டாள், இவள் கண் வீங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். வீங்கவில்லை என்றதும், கல்நெஞ்சுக்காரி, அவன் போனதில் இவளுக்குச் சந்தோஷம்தான் போல என்று தெரு முழுக்கச் சொல்லிவைப்பாள். அழுதால் மாமியார், அழாவிட்டால் ஊர்.

அதற்காக அவள் மூலையில் முடங்கிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்க்கால் முறை வந்தபோது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகளோடு ஆம்பிளையாகப் போய் நின்றாள். ஒருத்தன், "உன் முறையா, உன் புருஷன் முறையா?" என்று இளித்தான். "தண்ணிக்குப் புருஷன் பொண்டாட்டி தெரியாது, தள்ளு" என்றாள். உருளைக்கிழங்கு போட்டாள். புல் அறுத்தாள். பெண்பிள்ளைகள் இரண்டையும் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். இடுப்பு ஒடிந்து தேறிவரும் மாமியாருக்குக் காலையும் மாலையும் காலைப் பிடித்துவிட்டாள், அவள் திட்டுகளை வாங்கிக்கொண்டேதான்.

அந்த இடுப்பில்தான் விஷயமே இருந்தது. போன குளிர்காலத்தில் தூர்சுன் பனியில் வழுக்கி விழுந்து படுக்கையில் கிடந்தாள். அப்போதே குபாத் பேச ஆரம்பித்துவிட்டான். அம்மாவை அக்கா வீட்டில் தள்ளிவிடலாம், நாம் பட்டணம் போய்விடலாம் என்று. கடைக்குட்டி மகன் என்பதால் வீடும் அவனுக்குத்தான், பெற்றவளைப் பார்க்கும் கடமையும் அவனுக்குத்தான். வீடு வேண்டும், கடமை வேண்டாம் என்றான். குல்பாரா கெஞ்சினாள், சண்டையும் போட்டாள். அந்தச் சண்டையின் சத்தம் மட்டும் உள் அறைக்குக் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அதனால்தான் மருமகளின் நாக்கு என்ற பழி வந்தது.

உண்மையைச் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாக்கியம் போதும். ஆனால் பெற்ற மகன் தன்னைப் பழைய மூட்டை மாதிரி இறக்கிவைக்கப் பார்த்தான் என்று தெரிந்தால், இந்தக் கிழவியின் இடுப்பு கூடினாலும் மனசு கூடாது. நம்மை நாக்குக்காரி என்று திட்டிக்கொண்டாவது எழுந்து நடமாடட்டும் என்று குல்பாரா வாயை மூடிக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் தூர்சுனின் மூத்தார், அதாவது அவள் காலமான புருஷனின் அண்ணன் அக்மத் பெரியவர் தவறிப்போனார். கூடாரம் எழுந்தது. குல்பாராவுக்கு ஆள் வந்தது. கூடவே இன்னொரு சேதியும் வந்தது, பெரியப்பாவை அடக்கம் பண்ண குபாத் வருகிறானாம்.

ஊர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது. ஏனென்றால், ஒப்பாரியில் பாடினதை யாரும் நிறுத்த முடியாது, பதில் சொல்ல முடியாது, பிற்பாடு அதைப் பிடித்துச் சண்டைக்கும் வர முடியாது. ஒருதரம் ஒருத்தி, கொழுந்தன் தன் ஆட்டை ஏமாற்றி விற்றதைச் செத்த மாமனாரிடம் பாட்டிலேயே முறையிட்டுவிட்டாள். அவன் வருஷக்கணக்கில் சந்தைப் பக்கம் தலைகாட்டவில்லை. குல்பாராவின் வாயில் குபாத் என்ன பாடு படப்போகிறானோ!

தூர்சுனுக்கும் அதே பயம். வாசலிலேயே மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போய் என் மகனைச் சந்தி சிரிக்க வச்சிராதடி."

"நான் பெரிய மாமாவுக்கு அழப் போறேன் அத்தே. அவருக்குச் சேர வேண்டிய அழுகைக்குள்ள என் அழுகையைக் கலக்க மாட்டேன்."

சொன்ன மாதிரியே செய்தாள். அடக்கத்தன்று காலையில் கூடாரத்துக்குள் கம்பளிச் சுவரைப் பார்த்து மற்றப் பெண்களோடு உட்கார்ந்தாள். அக்மத் பெரியவரின் சாம்பல் குதிரையைப் பாடினாள், அவர் சிரித்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்குமே என்று பாடினாள், வந்த விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பாத கையைப் பாடினாள். வெளியே முறைப்படி தடியை ஊன்றிக் குனிந்து நின்ற ஆண்கள் தேம்பினார்கள்.

அப்போது வெளியே ஒரு குரல் கதறிக்கொண்டு வந்தது.

"பெரியப்பா... என்னைப் பெத்த பெரியப்பா..."

குபாத்தின் குரல். கூடாரத்துக்குள் முழங்கைகள் இடித்துக்கொண்டன. பெர்மெட் மூக்கு உறிஞ்சுவதைக்கூட நிறுத்திவிட்டாள். குல்பாரா அந்தக் குரலுக்காக எத்தனை நாள் காது கொடுத்துக் கிடந்தாள்! வருகிறவர்களை உள்ளிருப்பவள் பாட்டில் வரவேற்க வேண்டும், அது முறை. அவள் வரவேற்றாள். "தம்பி பெத்த கடைக்குட்டி வந்திருக்கான், எழுந்து பாருங்க மாமா, ஒருதரம் எழுந்து பாருங்க" என்று பாடினாள். அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை, குரல் பிசகவில்லை. பெர்மெட்டுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அழுது முடித்த குபாத்தை தூர்சுன் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனாள். தனியே என்றால் கூடாரத்தின் பின்புறம். அவசரத்தில் அவள் யோசிக்கவில்லை, கம்பளிச் சுவர் எவ்வளவு தடிமன் என்று. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் குல்பாராவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுக்கு வந்துருப்பா" என்று தூர்சுன் கெஞ்சுவது கேட்டது. "அவ நாக்கை நான் அடக்கி வைக்கிறேன். அவ பேசினதை மனசுல வச்சுக்காத."

"அவ நாக்கு என்னம்மா பண்ணுச்சு?" என்று எரிச்சலோடு சொன்னான் குபாத். "நான்தான் சொன்னேன். உன்னை அக்கா வீட்டுல விட்டுட்டுப் பட்டணம் போயிரலாம்னு. குளிர்காலம் பூரா சொன்னேன். அத்தையை இந்த நிலைமையில விட்டு வரமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. நான் என்ன, இந்தப் பனியிலயே கிடந்து மக்கிப்போறதா?"

வெளியே கைத்தடிச் சத்தம் மட்டும் கேட்டது, கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

தூர்சுன் உள்ளே வந்தாள். குல்பாராவின் பக்கத்தில், ஒடிந்த இடுப்போடு கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அவள் ஒப்பாரி பாடி யாரும் கேட்டதே இல்லை. சொந்தப் புருஷன் செத்தபோதுகூட தலைத்துணி முனையைக் கடித்துக்கொண்டு விம்மினாளே தவிரப் பாடவில்லை. அவள் குரல் ஆட்டுக் குரல் என்று அவளுக்கே தெரியும். அந்தக் குரலில்தான் ஆரம்பித்தாள்.

"மூத்தவரே, என் மூத்தவரே...
செத்தவருக்கு அழ வழி இருக்கு,
சேந்து அழ ஊரு இருக்கு.
உயிரோட ஒருத்தன் போனா
இவ எங்க போயி அழுவா?

இடுப்பொடிஞ்சு நான் கிடந்தேன்,
பெத்தவன் மூட்டை கட்டினான்.
பெறாதவ மாட்டேன்னா,
அவளுக்கு நான் தந்த கூலி
பழிச்சொல்லு மூத்தவரே...

அழப்போன வாயைப் பொத்தினேன்,
அந்தக் கை இந்தக் கைதான்.
நீங்க போற இடத்துல
என் புருசனைப் பாத்தீங்கன்னா
சொல்லுங்க மூத்தவரே,
மகன் இல்லை நமக்கு இப்போ,
மக ஒருத்தி இருக்கான்னு..."

ராகம் கோணியது, தாளம் தவறியது. யாருக்கும் அது உறைக்கவில்லை. ஒப்பாரியை நிறுத்த யாருக்கு அதிகாரம் இருக்கிறது? வெளியே ஆண்கள் தரையையே பார்த்தார்கள். குபாத் ஊன்றிய தடியின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்து நின்றான், நிமிரவே இல்லை.

தூர்சுன் பாட்டை முடிக்காமல் திரும்பி மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

"அழுடி... இப்ப அழு. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

குல்பாரா அழுதாள். ராகமும் இல்லை, வார்த்தையும் இல்லை. சுற்றுப்பட்ட ஊருக்கெல்லாம் அழகாக அழுதவள், தனக்கென்று அழும்போது சின்னப் பிள்ளை மாதிரி வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். பெண்கள் எல்லாரும் அவர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். பெர்மெட்டும்தான். அவள் அன்றைக்கு உண்மையாகவே அழுதாள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடக்கம் முடிந்து சாயங்காலம் வெயில் இருக்கும்போதே குபாத் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் அடுப்பு ஓரமாக, வீட்டுப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்காரப் போனான்.

"அங்க எதுக்கு?" என்றாள் தூர்சுன். "மேல போய் உக்காரு."

வாசலுக்கு நேர் எதிரே, பட்டு மெத்தை விரித்த மேல் இடம் விருந்தாளிக்கு உரியது. அவன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை.

"அம்மா... நான் போய் அங்க..."

"தூரத்துல இருந்து வந்திருக்க. விருந்தாளியைக் கீழ உக்கார வச்சா எங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு."

அவன் போய் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. குல்பாரா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினாள், துடைக்கத் துண்டு நீட்டினாள். விரிப்பில் ரொட்டி வைத்தாள், வெண்ணெய் வைத்தாள், விருந்தாளிக்குரிய கறித்துண்டையும் வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், முதல்ல சாப்பிடுங்க என்றாள்.

பிறகு தேநீர் ஊற்றினாள். நம் பக்கத்தில் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவது, குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்போம், இன்னும் இருங்கள் என்று அதற்கு அர்த்தம். விளிம்பு வரை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தம். வாய் திறந்து யாரும் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு கிண்ணம் பாதி பாதியாகக் குடித்தபிறகு குபாத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"குல்பாரா, தப்புப் பண்ணிட்டேன். அங்க ஒத்துவரல. திரும்பி வந்துரட்டுமா?"

குல்பாரா இத்தனை மாதமும் இந்த ஒரு கேள்விக்காகத்தானே உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள்! கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். தூர்சுன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குல்பாராவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

குல்பாரா ஊற்றினாள். பாதியில் நிறுத்தவில்லை. விளிம்பு தொட நிறைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

"சூடா இருக்கு, மெதுவா குடிங்க. பிள்ளைங்களைப் பாக்கணும்னா எப்ப வேணாலும் வாங்க, கதவு திறந்திருக்கும். இப்பக் கிளம்பினா இருட்டுறதுக்குள்ள மலைப்பாதையைத் தாண்டிரலாம்."

அவன் கிண்ணத்தையே பார்த்தான். பிறகு முழுவதையும் குடித்தான். முகத்தைக் கைகளால் தடவி ஆமீன் சொல்லி எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அந்தச் செருப்புச் சத்தம் தெரு திரும்பி மறைகிறவரை குல்பாரா கேட்டுக்கொண்டிருந்தாள். வலித்தது. ஆனால் உயிர் போகவில்லை.

தூர்சுன் தன் கிண்ணத்தை மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கும் ஊத்துடி" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாதி ஊத்தினாப் போதும்" என்றாள்.

குல்பாரா பாதி ஊற்றினாள்.