பங்களாவின் பின்படி

கொழுந்தன் கணேசமூர்த்தி அன்று காலையும் அழகம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"கடையில குடிச்சிட்டேன் அண்ணி," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நோர்வூட்டில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? வருஷத்துக்கு ஒருமுறை, அண்ணன் சன்னாசியின் திதிக்குக் கொழும்பிலிருந்து வருவான். அண்ணன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடுவான். அண்ணி கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான். பதினேழு வருஷமாக இதே கதைதான். தாயில்லாத அவனை ஆறு வயதிலிருந்து சோறூட்டி வளர்த்தவள் அவள். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வாள்?

நேற்றுப் படையலில் சன்னாசிக்குப் பிடித்த சாராயத்தை வைக்கப் போனபோதும் தடுத்துவிட்டான். "உசிரோட இருக்கையில பாக்கல... செத்தவருக்கு இப்ப உபசாரமா?" என்றான். அவள் போத்தலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மகள் லெட்சுமிக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்தது. டீச்சர் வேலை கிடைத்து, முதல் சம்பளம் கைக்கு வந்திருந்தது.

"இன்னைக்குப் பகல் ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுறீங்க. நம்ம தோட்டத்துப் பழைய துரை பங்களாவுல பீட்சாக் கடை போட்டிருக்காங்க. விறகு அடுப்புல சுடுறாங்களாம்."

அழகம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "அங்க வேணாம் புள்ள."

"ஏன் அண்ணி? பழகின இடந்தானே," என்றான் மூர்த்தி. "அண்ணன் மூச்சு விட முடியாம என் மடியில கெடந்தப்போ, அங்கதானே துரை விருந்துக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தீங்க."

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவர்களோடு கிளம்பினாள்.

பங்களாவுக்கு ஏறும் வளைவிலேயே அந்த இருமல் கேட்கத் தொடங்கிவிட்டது. சன்னாசியின் இருமல். கொழுந்து பறிக்கும் மலையில், கோயிலில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கதவுக்கு வெளியில், எங்கேயும் அது அவளைத் தேடி வரும். பயம் என்று சொல்ல முடியாது, பழகிவிட்டது. ஆனால் இன்று அடிக்கு அடி பலமாகக் கேட்டது. லெட்சுமியும் மூர்த்தியும் முன்னால் பேசிக்கொண்டே போனார்கள்.

தோட்டத்தை ஆண்ட துரை சாப்பிட்ட கூடத்தில் இப்போது பத்து மேசைகள். வெயிட்டர், சாராயத்தில் பேஷன் பழச்சாறும் இஞ்சியும் கலந்து, மேலே ஒரு தேயிலைக் கொழுந்தை மிதக்கவிட்ட பானத்தைப் பற்றி நீளமாகச் சொன்னான். மூர்த்தி அதில் ஒன்று கேட்டான். கிளாசும் வந்தது, பீட்சாவும் வந்தது. பின்னால் வந்தவளைத்தான் காணோம்.

"வேணும்னே செய்றாங்க," என்று கோபத்தோடு எழுந்து, தேடிக்கொண்டு சமையல் நடக்கும் குசினிப் பக்கம் போனான்.

பின்முற்றத்தில் களிமண் பூசிய பெரிய அடுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகள், மிலாறு என்பார்களே, அவை அதற்குள் எரிந்துகொண்டிருந்தன. குசினியின் பின்படியில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அழகம்மா. லயத்துச் சனத்துக்கு இந்தப் பங்களாவில் முன்வாசல் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவளைக் கேட்காமல் அவள் கால்களே பின்வழியாகத் திரும்பியிருந்தன.

"இங்க என்ன செய்றீங்க?"

"விருந்து முடியலையே..." அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. "லொறி கேக்கணும். அண்ணனுக்கு மூச்சு முட்டுது தம்பி."

"எந்த லொறி?"

அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்தார். அந்தக் காலத்தில் துரைக்குச் சமைத்த அன்டன் அப்பு.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, தோட்டத்து லொறி," என்றார். "அன்னைக்கும் உங்க அண்ணி இந்த எடத்துலதான் நின்னிச்சு தம்பி. வேலைக்கு வரல, கெஞ்ச வந்திச்சு. துரை மேசையில இருக்கையில யாரும் உள்ள போயிக் கூப்பிடக் கூடாது. விருந்து முடியட்டும்னு நாந்தான் நிறுத்தி வச்சேன். கதவத் தொறக்க எனக்குத் தைரியம் இல்ல. மூணு மணி நேரம்..."

"பாத்திரம் கழுவினேன், லொறி கேக்கலன்னு இவங்களே சொன்னாங்களே?"

"தொழிற்சங்கம் சாவ விசாரிக்க வந்திச்சு. அப்பிடிச் சொல்லிக் கைநாட்டு வச்சா, கொழுந்தனுக்கு ஆபீஸ்ல கிளாக்கர் வேலைன்னாரு துரை. அதும் வச்சிருச்சு."

அந்த வேலையில் ஏறித்தான் மூர்த்தி கொழும்புக்கே போனான். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பரீட்சை மார்க்குக்குக் கெடச்ச வேலைன்னுல்ல நெனச்சேன்..."

அந்தக் குரல் கேட்டு அழகம்மாவுக்கு நினைவு திரும்பியது. "மார்க்கும் இருந்திச்சு தம்பி," என்றாள்.

அவன் வெடித்து அழுதான். "ஏன் அண்ணி சொல்லல? என்னென்ன பேசினேன் உங்கள..."

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்திருப்ப. நீ கவ்வாத்துக் கத்தி தூக்கக் கூடாதுன்னு உங்க அண்ணன் ஆசப்பட்டாரு. போனவரு வரப் போறாரா?" என்றாள். "நீ சாப்பிடாமப் போற ஒவ்வொரு தடவையுந்தான்... தாங்க முடியல."

பீட்சாத் தட்டோடு தேடி வந்த லெட்சுமி வாசலிலேயே நின்றாள். மூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பசிக்குது அண்ணி."

அவள் ஒரு துண்டைப் பிய்த்து, சூடு ஆற ஊதி, அவன் வாயில் வைத்தாள். நாற்பதை நெருங்குகிறவன் சின்னப் பிள்ளையாட்டம் அழுதுகொண்டே மென்றான்.

பிறகு எழுந்து போய், தான் தொடாமல் வைத்திருந்த கிளாசைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். "நேத்து நான் தடுத்தது... இப்ப வைங்க அண்ணி."

அவள் அதைப் பின்படியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு துண்டு பீட்சாவும் வைத்துக் கும்பிட்டாள். அன்டன் அப்பு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது அழகம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவாக மேசைகளைக் கடந்து முன்வாசலுக்கு நடந்தாள். வாசற்படியில் கால் வைத்தவள் நின்றாள்.

"மூர்த்தி... உனக்கு இருமல் சத்தம் கேக்குதா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கேக்குது அண்ணி. எனக்கும் பதினேழு வருஷமா கேக்குது."