டவுனுக்கு எது சீக்கிரம்?

விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் முதலில் நின்று விழிக்கிற இடத்தில் ஒரு மேசை இருந்தது. அதன் பின்னால் அவள் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். டவுனுக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வதுதான் வேலை. பதில் நாலே நாலு. ரயில், பஸ், டாக்ஸி, அல்லது ஆள் சேர்ந்ததும் கிளம்பும் வேன். கேட்கிறவரைப் பார்த்ததுமே அவளுக்குப் பதில் தெரிந்துவிடும். முதுகுப்பை மட்டும் என்றால் பஸ். கைக்குழந்தை இருந்தால் டாக்ஸி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடைசி ரயில் நேரத்தைச் சொல்லிவிடுவாள் என்று கூடத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் அக்கா.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூடம் ஓய்ந்துபோகும். இரண்டு மணி விமானத்தில் வந்தவர்கள் கலைந்திருப்பார்கள். அடுத்தது நாலரைக்குத்தான். தரை துடைக்கிற வண்டியின் முனகலும், உள்ளே பெட்டிகள் வந்து விழும் பட்டை ஆளில்லாமல் சுற்றும் கிறீச்சொலியும் மட்டும் கேட்கும்.

அப்படி ஒரு மூன்று மணிக்குத்தான் அவர் வந்தார்.

அவள் குனிந்து மாதக் கணக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"டவுனுக்குப் போக எது சீக்கிரம்மா?"

"ரயில்தான் சார். இடது பக்கம் படி இறங்கினா பிளாட்பாரம். முப்பத்தஞ்சு நிமிஷம்."

"ரொம்ப நன்றிம்மா."

நிமிர்ந்தபோது மேசைக்கு முன்னால் யாருமில்லை. காலடிச் சத்தமும் கேட்கவில்லை. ஈரத் துணியும் டீசலும் கலந்த ஒரு வாடை மட்டும் நின்றது. மேசையைக் கையால் துடைத்தாள். சுருக்கென்று உள்ளங்கையில் ஏதோ குத்தியது. கண்ணாடித் துணுக்கு, சர்க்கரை மணி அளவு.

"யார்கிட்டக்கா பேசுனீங்க?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். செல்போனுக்கு சிம் கார்டு விற்பவள்.

"இப்ப ஒருத்தர் ரயிலுக்கு வழி கேட்டாரே."

"யாரும் வரலையேக்கா. பொழுது போகாம நான் உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

மறுநாளும் அதே நேரம். அதே வாடை. இந்த முறை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அறுபது வயதிருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர். மார்போடு அணைத்த துணிப்பை. தொந்தரவு கொடுக்கிறோமே என்கிற தயக்கம் முகத்தில்.

அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருந்தாள். ஒரு முறை நேரில். ஒரு முறை பத்திரிகையில், விபத்துச் செய்திக்குக் கீழே.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பனி கொட்டிய ஒரு காலையில், அவர் இதே கேள்வியோடு இதே இடத்தில் நின்றார். மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். அன்றைக்கும் ரயில் ஓடியது, நேரம் தவறாமல். ஆனால் வெளியே அவள் தம்பியின் வேன் ஒரே ஒரு ஆள் குறைந்து ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள், யாரையாவது அனுப்பு என்று அவன் இரண்டு தடவை போன் செய்துவிட்டான். "வேன்ல போங்க சார், வீட்டு வாசல்லயே இறக்கிவிடுவாங்க" என்று சொல்லி, அவர் காட்டிய விலாசத்தைத் தானே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மேம்பாலத்தில் பனிக்குள் நின்றிருந்த ஒரு லாரியில் வேன் மோதியது. தம்பிக்குக் கால் முறிந்தது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள்.

கடைசியாக ஏறியவர் மட்டும் போய்விட்டார்.

"எது சீக்கிரம்மா?" என்றார் அவர்.

"பஸ்," என்றாள். "பஸ்ல போங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தார். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

அவர் நிற்கவுமில்லை.

அன்று மாலை, கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்த தம்பியிடம் மெல்லக் கேட்டாள். "அந்தக் கடைசி ஆளு வண்டியில ஏதாவது பேசினாராடா?"

அவன் கட்டின் ஓரத்தை நோண்டினான். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

"பேசினாரு. மேசையில இருந்த அம்மா நல்லவங்க, பார்த்து அனுப்பி வெச்சாங்கன்னாரு. எங்க அக்காதான் சார்னு சொன்னேன்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "சந்தோஷப்பட்டாருக்கா."

சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் லீவு போட நினைத்தாள். போடவில்லை. வராவிட்டால் அவர் நாள் முழுக்க அங்கேயே நிற்பாரோ என்ற எண்ணம் உறுத்தியது. மூன்று அடித்தபோது ஸ்வெட்டரின் தோளில் கண்ணாடித் துணுக்குகள் மின்னின. இடது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. அது தெரியாதவர் போல அவர் பணிவாகச் சிரித்தார்.

"டாக்ஸி," என்று முணுமுணுத்தாள் அவள்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தன் கையாலேயே எழுதிய விலாசம் மறக்குமா? நாலு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. கதவைத் தட்டினாள்.

உள்ளே நெடுநேரம் சத்தமில்லை. பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், காற்றைப் போல.

"அப்பாவா?"

"இல்லம்மா. நான் ஏர்போர்ட்ல வழி சொல்ற வேலை பார்க்கிறேன்."

கதவு திறந்தது. பல நாள் தூங்காத கண்கள். தோளில் ஒரு குழந்தை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, திரை இழுத்து, அறை முழுக்க அதே ஈர வாடை.

மகள்காரியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தம்பியின் வேன், குறைந்த ஒரு ஆள், சீட்டில் எழுதிய விலாசம், எல்லாவற்றையும். மகள் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ரயில் ஓடுச்சா?" என்றாள் முடிவில்.

"ஓடுச்சு."

அவள் திட்டவில்லை. அழவுமில்லை.

"மூணு நாளா வர்றாரு," என்றாள் பிறகு, தாழ்ந்த குரலில். "முதல் நாள் ஜன்னல் வழியா பார்த்தேன், தெருமுனையில நின்னாரு. நேத்து கீழே வாசல் கேட் பக்கத்துல நின்னாரு. அங்கிருந்தே 'பஸ்ல வந்தேம்மா'ன்னாரு. மூணு மாடிக்கும் காதுல சொன்ன மாதிரி கேட்டுச்சு. இன்னிக்குக் கதவைத் தட்டி, டாக்ஸியில வந்தேன்னு சொன்னாரு. அப்புறம் ஒரே கேள்விதான். நேரத்துக்கு வந்துட்டேனா, குழந்தை பொறந்துடுச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எங்கப்பாதான். கதவைத் திறக்கணும்னு கை போகுது. ஆனா அவர் வந்து நிக்கிற நேரம் பாப்பா பால் குடிக்கிறதை நிறுத்திடுறா. தொட்டுப் பாருங்க."

தொட்டாள். குழந்தையின் பாதம் குழாய்த் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

"நாளைக்கு வந்தா வீட்டுக்குள்ள வந்துடுவாரு," என்றாள் மகள். அவள் கை வந்தவளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. "உங்களை நான் மன்னிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாளைக்கு அவர் கேட்டா வழி சொல்லாதீங்க."

நாலாம் நாள் இரண்டே முக்காலுக்கே அவளுக்கு வேர்த்தது. தரை துடைக்கிற வண்டி நின்றுவிட்டது. பெட்டிப் பட்டை சுற்றுவது நின்றது. டீசல் வாடை தொண்டையை அடைத்தது.

"டவுனுக்குப் போக எது சீக்கிரம்மா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். கண்ணாடித் துணுக்குகள் அவள் படிவத்தின் மேல் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"நேரமாகுதும்மா."

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம்.

"என் பொண்ணு தனியா இருப்பா. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அவளால் தாங்க முடியவில்லை. நிமிர்ந்தாள். அவர் முகத்தின் ஒரு பாதியைப் பார்க்க முடியவில்லை. மறுபாதியில் அதே தயக்கம்.

"நீங்க போக வேண்டாம் சார்," என்றாள், குரல் உடைந்து. "அன்னிக்கு உங்களைத் தப்பா அனுப்பிட்டேன். எல்லாம் முடிஞ்சுபோச்சு. குழந்தை அன்னிக்கே பொறந்துடுச்சு. பொண்ணு. நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இனிமே நீங்க நிம்மதியா இருங்க."

அவர் அசையாமல் கேட்டார். மெல்ல, மிக மெல்ல, அந்தப் பாதி முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக அவர் கண் ஈரமானது. அவ்வளவுதான், போய்விடுவார் என்று நினைத்தாள்.

"பேத்தியா?" என்றார். "அப்ப இன்னும் சீக்கிரம் போகணுமே."

அவர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். படியின் பக்கம் போகவில்லை. வாசலுக்கும் போகவில்லை. நாலடி தள்ளியிருந்த அடுத்த மேசைக்கு நடந்தார்.

வேண்டாம் என்று கத்த நினைத்தாள். மூச்சுதான் வந்தது.

முதல் நாள் யாருமே வரவில்லை என்று சொன்ன சிம் கார்டுக்காரப் பெண், செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தாள்.

"சொல்லுங்க சார். டவுனுக்கா?"