இணக்கி

நீர்த்தாரை பம்ப் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் "சாப்டாச்சுங்களா?" என்று கேட்பதில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் அதைக் கேட்காமல் இருப்பது சாமானியக் காரியமில்லை. இருந்தும் பழகிக்கொண்டார்கள். தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "என்ன வேணும்னு நேரா சொல்லீருங்க" என்பார். சிரித்தால் சந்தேகம். பாராட்டினால் பெரிய சந்தேகம். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால், வாங்கிக்கொண்டவர் சாயங்காலம் வரைக்கும் வாழ்த்தியவர் கண்ணில் படாமல் திரிவார்.

எல்லாம் இணக்கி வந்த பிறகுதான்.

இணக்கி என்பது சூப்பர்வைசர்களின் காதுக்குள் உட்காரும் மொச்சைக்கொட்டை அளவுக் கருவி. மனிதர்கள் எப்போது 'சரி' என்கிறார்கள், எப்போது 'முடியாது' என்கிறார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் உலகம் முழுக்கச் சேர்த்து வைத்த அத்தனையையும் அதற்குள் திணித்திருந்தார்கள். எதிரில் நிற்பவரின் குரலைக் கேட்கும். கூரைக் கேமரா வழியாக முகத்தைப் பார்க்கும். என்ன சொன்னால் இந்த ஆள் இந்த நிமிடம் மசிவார் என்று கணக்குப் போட்டுக் காதுக்குள் சொல்லும். வந்த புதிதில் 'பாராட்டு, பாராட்டு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. சில வாரங்களிலேயே ஊர் நாடியைப் பிடித்துவிட்டது. 'சாப்பிட்டாரா என்று கேள். பதில் வரும்வரை பொறு. பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்.' அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொல்ல ஆளே இல்லை. முதலாளி பூரித்துப் போனார்.

குட்டு வெளிப்பட அதிக நாள் ஆகவில்லை. இணக்கி சொல்லி முடிக்க ஒரு நொடி பிடிக்கும். அந்த ஒரு நொடி சூப்பர்வைசரின் கண் எங்கேயோ போய்விட்டு வரும். "காது கேக்குது பாரு" என்று தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்வார்கள்.

மகுடேஸ்வரி வைண்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும் வேலை, முழுக்கப் பெண்கள். அவளும் கம்பி சுற்றியே மேலே வந்தவள்தான். அன்றைக்கு மேலாளர் ஜெகதீசன் அவளை அறைக்கு அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டதும் அவளுக்கு உள்ளே மணி அடித்தது.

"ஓசூர் பிளான்ட் ரெடியாயிருச்சுங்க மகுடேஸ்வரி. உங்க வைண்டிங் பொண்ணுங்க அத்தனை பேரும் அங்க போகணும். ஆனா கட்டாயம் இல்லீங்க. அவங்களா விருப்பப்பட்டு விரல் ஒப்பம் வெக்கணும். நீங்க சொன்னா கேப்பாங்க."

'அவங்களா விருப்பப்பட்டு' என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. தானாகப் போகிறவர்களுக்கு இங்கே செய்த சர்வீஸ் எல்லாம் முடிந்துபோகும். ஓசூரில் அவர்கள் புது ஆள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். போகமாட்டேன் என்பவர்களைத் தொட முடியாது. ரிப்பேர் பிரிவில் உட்கார வைத்தாவது சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

"அங்க எத்தனை நாளைக்கு வேலை இருக்குமுங்க சார்?"

ஜெகதீசனின் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது. "நல்ல கேள்விங்க. உங்களுக்கு அக்கறை இருக்கறதாலதான் இப்பிடிக் கேக்கறீங்க. இது முடிஞ்சா இங்க உதவி மேலாளரே நீங்கதானுங்க."

மேலாளர் காதிலும் ஒன்று இருக்கிறது என்று அவள் ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. போன மாதம் பயிற்சிக்கு என்று ஓசூர் போனபோது அந்தக் கூடத்தை அவள் பார்த்திருந்தாள். சுவரிலிருந்து சுவர் வரை கம்பி சுற்றும் இயந்திரங்கள். ஆட்கள் உட்கார ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை. "உங்க பொண்ணுங்க கையப் பாத்து இது கத்துக்கும் மேடம். ஆறு மாசம் போதும். அப்புறம் ஆளே வேணாம்" என்று அங்கே மாட்டிக்கொண்டிருந்த எஞ்சினியர் பையன் பெருமையாகச் சொன்னான். கேட்டுவிட்டு வந்து சும்மா இருந்தாளே, அதுதான் இப்போது அவளை அறுத்தது.

கோகிலவாணிக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எட்டு வருடமாக ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு மேசை. கோகிலவாணியின் வீட்டுக்காரர் கோவை கணபதிப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறார். ஓசூர் போவதென்றால் அந்தக் கடையை மூட வேண்டும். ஆறு மாதம் கழித்து வேலையும் போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு கசப்பு கிடந்தது. தங்கையின் வளைகாப்பன்று கோகிலவாணியை வேலைக்கு வரவழைத்தது மகுடேஸ்வரிதான். அன்றைக்கு உருகி உருகிப் பேசியதெல்லாம் இணக்கி கொடுத்த பேச்சு என்று பிறகு தெரிந்து, கோகிலவாணி சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொண்டாள்.

கம்பிச் சுருள் அடுக்கும் ஸ்டோர் அறையில் கேமரா கிடையாது. மகுடேஸ்வரி அவளை அங்கே கூப்பிட்டாள். கோகிலவாணி கதவோரமே நின்றுகொண்டாள்.

"சொல்லுங்க மேடம்."

அக்கா என்று கூப்பிட்ட வாய். மகுடேஸ்வரிக்குச் சுருக்கென்றது. காதிலிருந்து இணக்கியைக் கழற்றி அலமாரித் தட்டில் வைத்தாள்.

"இங்க பாரு கோகிலா, இது என்ற காதுல இல்ல. நானாத்தான் பேசறேன்."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். "ரிப்பேர் பிரிவு சூப்பர்வைசர் செல்வகுமார் சாரும் போன வாரம் இப்பிடித்தான் கழட்டி மேச மேல வெச்சாருங்க. கழட்டி வெக்கச் சொன்னதே அதுதானாமா. அப்பறம் அவரு ஆளுங்கள ரெண்டு ஷிப்ட்டு சேத்துப் பாக்க வெச்சுட்டாரு."

"என்ற மேல சத்தியமா சொல்றேன். ஓசூருக்கு ஒப்பம் வெக்காத. அங்க போனா ஆறு மாசத்துல உன்ற வேலைய மிசினு புடுங்கிக்கும். நான் பாத்துட்டு வந்தேன். உன்ற வூட்டுக்காரரு கடைய மூடீராதீங்க, சாமி."

கோகிலவாணி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். எங்கே அந்த ஒரு நொடி என்று தேடுகிறாள் என்பது மகுடேஸ்வரிக்குப் புரிந்தது. சட்டென்று பேசினால் மனப்பாடம் என்பாள்; தயங்கினால் இன்னொரு காதிலும் ஒன்று இருக்கிறது என்பாள். மனுஷி எப்படித்தான் பேசுவது?

"ஏனுங்க, வான்னு நீங்க கூப்ட்டப்பெல்லாம் வந்து நான் கெட்டேன்" என்றாள் கோகிலவாணி நிதானமாக. "இன்னைக்கு அழுவாத கொறையா போவாதங்கறீங்க. அப்ப அங்க ஏதோ நல்லது இருக்குது. அத வேல தேடற உங்க தம்பி பொண்டாட்டிக்கு எடுத்து வெக்கறீங்களா, இல்ல கம்பெனிக்கு எங்களக் கூட்டிட்டுப் போக மனசில்லாம உங்கள விட்டுப் பேச வெக்குதா? ரெண்டுல ஒண்ணு."

"கோகிலா..."

"இனியும் ஏமாற முடியாதுங்க."

விடுவிடுவென்று போனாள். வாசல் பக்கம் மாட்டியிருந்த ஒப்பப் பலகையில் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி, ஜெயித்துவிட்டவள் போல மகுடேஸ்வரியைப் பார்த்தாள்.

மகுடேஸ்வரி இணக்கியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டபோது அது பேசியது. 'கோகிலவாணி, ஒப்பம் கிடைத்தது. கழற்றி வைத்து, போகாதே என்று தடுக்கும் முறை வெற்றி. மற்ற சூப்பர்வைசர்களுக்கும் அனுப்பப்படுகிறது.' கழற்றினால் அணைந்துவிடும் என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அலமாரித் தட்டிலிருந்து அத்தனையும் கேட்டிருக்கிறது. உண்மை, பொய் என்ற பேதம் எல்லாம் அதற்குக் கிடையாது. பலித்தது, பலிக்கவில்லை, அவ்வளவுதான் அதன் உலகம்.

மறுநாள் காலையில் ஜெகதீசன் மற்ற பிரிவு சூப்பர்வைசர்களையும் வைண்டிங் பக்கம் அனுப்பினார். ஆளுக்கொரு பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டு, இணக்கியைக் கழற்றி வைத்து, "போவாதம்மா, ஆறு மாசத்துல வேல போயிரும்" என்று தழுதழுத்தார்கள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொன்னவர்கள் ஒருவருக்கும் அது உண்மை என்று தெரியாது. மத்தியானத்துக்குள் ஒப்பப் பலகை பச்சைப் பச்சையாக எரிந்தது. பாக்கி பூங்கொடி ஒருத்திதான்.

பூங்கொடி முழங்கால் ஆபரேஷன் முடிந்து, நீண்ட லீவிலிருந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். அவளிடம் தானே பேசிக்கொள்வதாக மகுடேஸ்வரி சொன்னாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் சந்தேகப்பட்டுப் போகிறார்கள். அப்படியானால் பொய்யைச் சொன்னால் சந்தேகப்பட்டு நிற்பார்கள். கம்பெனி சொல்லிக் கொடுத்ததை அப்படியே, காதில் இணக்கியோடு, தேனொழுகச் சொல்லிவிட்டால் போதும். ஒருத்தியையாவது காப்பாற்றிவிடலாம். இந்தக் கணக்குக்கு இணக்கிகூட வேண்டியிருக்கவில்லை; அவளே போட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பூங்கொடி, ஓசூர் ரொம்ப நல்லா இருக்குது. சம்பளம் ஜாஸ்தி. காலங்காலத்துக்கும் வேல. கண்ண மூடீட்டு ஒப்பம் வெச்சுரு" என்றாள். வேண்டுமென்றே ஒரு நொடி கண்ணை வேறு பக்கம் ஓட்டிக் காட்டினாள். இதைவிடப் பச்சையாக ஒருவரை எச்சரிக்க முடியாது.

பூங்கொடி தலையாட்டிக் கேட்டாள். பிறகு, "எனக்கென்னங்க்கா தெரியும்? நாலு மாசமா வூட்டுல கெடந்தவ. எனக்குக் கெட்டது நெனப்பீங்களா நீங்க? நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றாள்.

நாலு மாதம். இணக்கி வந்ததே அவள் லீவில் போன பிறகுதான். கம்பெனி முழுக்கச் சந்தேகப்படப் பழகிக்கொண்டிருந்தபோது இவள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மகுடேஸ்வரிக்கு இது உறைப்பதற்குள் பூங்கொடி நொண்டி நொண்டி ஒப்பப் பலகைக்குப் போய்விட்டாள். "பூங்கொடி, இரு, இரு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். பச்சை விளக்கு எரிந்தது. வைத்த ஒப்பத்தைத் திரும்ப எடுக்க அந்தப் பலகையில் வழி கிடையாது.

பூங்கொடி திரும்பிப் பார்த்துத் திகைத்தாள். "ஏனுங்க்கா, கண்ணெல்லாம் கலங்கிக் கெடக்குது?"

மகுடேஸ்வரி வாயைத் திறந்தாள். 'பிரிவு வருத்தம் என்று சொல்' என்றது இணக்கி.

"ஒண்ணுமில்ல பூங்கொடி, நீ போறயேன்னுதான்" என்றாள்.

பூங்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.