சுருவம் வந்த மாலை

செபமாலைச் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும், பூட்டிய அறைக்குள் தம்பி கத்துவதை நிறுத்தினான்.

ஜெசிதா கதிரையில் விரித்த வெள்ளைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். போதைக் குளிசை இல்லாமல் தம்பி ஜெரிசன் கதவைச் சுரண்டும் சத்தமும், வாந்தியும் டெற்றோலும் கலந்த வாடையும், வற்றிய கடலின் சேற்று மணமும் வீட்டுக்குள் ஒன்றாகி ஊறிக் கிடந்த இத்தனை நாட்களில், அவன் இப்படி அடங்கியதில்லை. அறைப் பூட்டின் திறப்பு அவள் உள்ளங்கையில் நனைந்திருந்தது. "நான் அழுதாலும் தராதை, அக்கா" என்று அவனே கொடுத்த திறப்பு.

ஒவ்வொரு மாலையும் மாதாவின் சிலை, அந்தச் சுருவம், அடுத்த வீட்டுக்குப் போகும். இன்று இவர்கள் முறை. சுருவம் வரும்போது வாசல் படலை பூட்டியிருக்கக் கூடாது. அவள்தான் திறந்து வைத்தாள்.

பயமில்லை. குளிசை விற்கும் லெனாட்டை உள்ளே விடவேண்டாமென்று, ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒழுங்கைச் சனம் எல்லோரிடமும் கேட்டிருந்தாள். "உவன் இந்தப் பக்கம் வந்தா காலை முறிப்பம். ஜெரிசன் எங்கடை பிள்ளையெல்லோ" என்றார் பக்கத்து வீட்டு யாகோப்பு மாமா. அவருடைய முற்றத்தில் புதிய படகு எஞ்சின் ஒன்று தறப்பாளால் மூடிக் கிடந்தது. யார் கொடுத்ததென்று அவள் கேட்கவில்லை.

சத்தம் நெருங்கியது. வழக்கமாகப் பெண்குரல்தான் தொடங்கும். இன்று ஆண்குரல். கனிவான குரல்.

அறைக்குள் தம்பி சிரித்தான்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் முதலில் மாதாவின் நீல முக்காடு தெரிந்தது. பிறகு சுமந்த கைகள். பிறகு லெனாட்டின் முகம். அவனுக்குப் பின்னால் ஒழுங்கை முழுவதும்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அவன் சுருவத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, அவளருகில் நின்ற அம்மாவிடம் திரும்பினான்.

"மாதா வந்த வீட்டிலை பிள்ளையைப் பூட்டி வைக்கிறதே, அன்ரி? தம்பியும் வந்து செபிக்கட்டும்."

"மாமா, உவனைப் போகச் சொல்லுங்கோ!"

யாகோப்பு மாமா கண்களை மூடிக்கொண்டார். "சுருவத்துக்கு முன்னாலை சண்டை பிடியாதை, பிள்ளை."

அம்மா கையை நீட்டினாள். "திறப்பைத் தா."

"அம்மா, உவன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும். தம்பி கத்துறதை என்னாலை இனிக் கேக்கேலாது."

ஜெசிதா விரல்களை இறுக்கினாள். செபம் நிற்கவில்லை. செபமாலை சுற்றிய கைகள் வந்தன. ஒன்று மணிக்கட்டைப் பிடித்தது. ஒன்று பெருவிரலை நிமிர்த்தியது. சின்ன வயதில் அவளைத் தூக்கித் திரிந்த கைகள். மணிகள் தோலில் உரசின. உள்ளங்கை வெறுமையானது.

கதவு திறந்தது.

அவள் கத்தினாள். அவர்கள் உரக்கச் செபித்தார்கள். இன்னும் உரக்க.

ஜெரிசன் சுருவத்தின் முன் முழந்தாளிட்டான். லெனாட்டின் விரல்கள் நீல முக்காட்டுக்குள் போய் வந்தன. எல்லோருடைய கண்களும் மூடியிருந்தன. தம்பி, நற்கருணை வாங்குவதுபோல், நாக்கை நீட்டினான்.

"ஆமென்" என்றாள் அம்மா.