ஏழாவது ஆணி

வாயுவை அடைத்து ஆறு நாளாகிவிட்டது. ஆனாலும் ஏழாவது வளையத்தின் எண் மட்டும் சும்மா இருக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறையின் திரையில் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண். அந்தந்த வளையத்துக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அந்த எண் சொல்லும். பதினொன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஏழு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து நானூற்றுப் பதினெட்டு வரை ஏறியது, கொஞ்சம் தயங்கியது, இறங்கியது. மறுபடி ஏறியது. ஆபரேட்டர் திரையின் தலையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். வயரைப் பிடுங்கிச் செருகினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஏற மூன்று விநாடி, இறங்க இரண்டு விநாடி. எங்கேயோ கேட்டுப் பழகிய தாளம் அது. எங்கே என்று யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சாங்க?" என்றாள் மனைவி.

"பதினாலு வருஷமா நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்குக் கழட்டப்போறாங்கன்னு தெரிஞ்சதும் நாடகம் ஆடுது."

அவள் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நாற்பதடி தூரத்தில் ஏழாவது வளையம். நாளைக்கு ரம்பத்தோடு ஆட்கள் வருகிறார்கள், மரங்களை வெட்டி, துண்டு போட்டு, எடை பார்க்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், போன வருஷம் தன் தம்பி செத்து விழுந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இந்த ஒரு வருஷமாகவே அவளிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஐம்பது வருஷம் கழித்து வரப்போகும் காற்றை இன்றைக்கே மரங்களுக்கு ஊதிப் பார்ப்பதுதான் அங்கே வேலை. முழங்கால் உயரக் கன்றுகளாக நட்டு, சுற்றிலும் வட்டமாக வெள்ளைக் குழாய்களை நிறுத்தி, அவற்றின் துளைகள் வழியாக வாயுவை விடுவார்கள். மூன்று வளையங்களுக்கு வெறும் காற்று. மூன்றுக்குக் கரியமில வாயு. அந்த மரங்கள் கல்யாண வீட்டுச் சாப்பாடு கிடைத்த மாதிரி மளமளவென்று வளர்ந்தன. மூன்றுக்கு ஓசோன், அங்கே இலை நரம்புகளுக்கு நடுவில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, காலம் வருமுன்னே உதிர்ந்தன. கடைசி மூன்றுக்கு இரண்டும். ஒன்று கொடுத்ததை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும் அந்த மூன்றில் ஒன்றுதான் ஏழு. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் உண்டு, அவற்றால்தான் மரம் மூச்சு விடுகிறது, ஓசோன் பட்ட இலைக்கு அந்த வாயைச் சட்டென்று மூடத் தெரியாமல் போய்விடுகிறது என்று அந்த ஆராய்ச்சியை நடத்தும் புரொபசர் ஒருநாள் ஆசையாக விளக்கியிருந்தார். புரொபசருக்கு மரம் என்றால் உயிர், மனுஷன் என்றால் மறதி.

வளையத்துக்குள் ஆள் இருக்கும்போது ஓசோன் விடக் கூடாது. அதற்காகச் சுவரில் ஒரு பலகை. பலகையில் பன்னிரண்டு ஆணிகள், தள்ளி 'வெளியே' என்று எழுதிய ஓர் ஆணி. உள்ளே போகிறவன் தன் தகர டோக்கனை அந்தந்த வளையத்தின் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், வந்ததும் எடுத்து 'வெளியே'யில் மாட்டுவான். டோக்கன் தொங்கும் வளையத்தின் வால்வை ஆபரேட்டர் தொடக் கூடாது. பச்சைக் குழந்தைக்கும் புரியும் ஏற்பாடு.

மச்சினனுக்கு அதில் பாதிதான் புரிந்தது. மாட்டுவான், எடுக்க மறந்துவிடுவான். இலை எண்ணும் வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டவரே ஆபரேட்டர்தான். 'மூச்சுக் கோளாறு உண்டா' என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில், மனைவி கெஞ்சியதால், 'இல்லை' என்று எழுதியவரும் அவர்தான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். எல்லோரும் 'ஏணி' என்று கூப்பிட்டார்கள். மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பான், டோக்கன் மூன்றாவது ஆணியிலேயே தொங்கும். "டேய் ஏணி, நீ இன்னும் காட்டுக்குள்ள இருக்கியாம்டா, போர்டு சொல்லுது" என்று இவர் கேலி செய்து, தானே எடுத்து 'வெளியே'யில் மாட்டுவார். பத்துத் தடவையாவது நடந்திருக்கும்.

பதினோராவது தடவை அவன் உள்ளேதான் இருந்தான்.

அந்த வாரம் முழுக்க மழை. இலை நனைந்திருந்தால் ஓசோன் விடக் கூடாது என்பதால் மாத அளவு குறைந்துபோய், புரொபசர் காலையிலிருந்து போனில் பிடுங்கியெடுத்துக்கொண்டிருந்தார். மதியம் சுள்ளென்று வெயில் வந்தது. ஏழாவது ஆணியில் டோக்கன். வாக்கி-டாக்கியில் ஒரு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. எண்ணிக்கை தப்பிவிடும் என்று அவன் அதை அணைத்து வைத்துவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். நாற்பதடி நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். டோக்கனை எடுத்து 'வெளியே'யில் மாட்டினார். நோட்டில் 'ஏழு: ஆள் இல்லை' என்று எழுதினார். இரண்டு நாள் அளவை இரண்டு மணி நேரத்துக்குள் திறந்துவிட்டார்.

பிறகுதான் கொட்டகை ஓரத்தில் அவன் சைக்கிளைப் பார்த்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், நோட்டைப் பார்த்தார்கள். டோக்கன் 'வெளியே'யில்தான் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றார். பொய்கூட இல்லை பாருங்கள், அதுதான் அவரை அரித்தது. செத்தவனின் அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். "ஒரு டோக்கனை மாட்டத் துப்பில்லாமப் போயிட்டானே பாவி" என்று அவள் ஒரு வருஷமாகத் தம்பியைத் திட்டியபடியே அழுகிறாள். அந்த நேரமெல்லாம் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மரம் விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் இவள் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து போவாள், திரும்பி வரமாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அந்த வளையத்துல மேல ஒரு கருவி இருக்கு. கழட்டிக்கிட்டு வந்துடறேன்" என்றார். "வந்ததும் உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"இப்பவே பேசுங்களேன்."

"வந்துடறேன்."

வாயு ஏதும் இல்லாவிட்டாலும், பழக்கத்தில் தன் டோக்கனை ஏழாவது ஆணியில் மாட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கி-டாக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு மற்றொன்றை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மழை விட்ட வெயில். தரையிலிருந்து ஈர மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த வாசனை ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. ஓசோன் செய்யும் இயந்திரம் கொட்டகை வாசலில் மரப்பெட்டிக்குள் ஆணி அடித்துக் கிடந்தது. கரியமில வாயுத் தொட்டி போன வாரமே லாரியில் போய்விட்டது. வளையத்தின் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனதும் வெளிச்சம் பச்சையாகி, பறவைச் சத்தம் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றது. காற்று துளிக்கூட இல்லை. இருந்தும் தலைக்கு மேலே இலைகள் சலசலத்தன. மூன்று விநாடி சலசலப்பு, இரண்டு விநாடி அமைதி. மறுபடி மூன்று விநாடி.

மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். எத்தனை இரவு பக்கத்து அறையிலிருந்து அவன் மூச்சு இப்படிக் கேட்டிருக்கிறது. எங்கே கேட்ட தாளம் என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

நடுவில் சாரம், அதில் சாய்த்த அலுமினிய ஏணி. அன்றைக்கு அதன் அடியில்தான் அவன் கிடந்தான், வாய் திறந்தபடி. மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் ஆபரேட்டர் அந்தத் தாடையைப் பிடித்து மூடினார். கையை எடுத்ததும் திறந்துகொண்டது. மறுபடி மூடினார். மறுபடி திறந்துகொண்டது.

ஏணியில் கை வைத்தார். கம்பி சில்லென்றிருக்கவில்லை. இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி கதகதப்பாக இருந்தது.

"ஏங்க." வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஏழாவது ஆணியில ஒண்ணும் இல்லையே."

"மாட்டினேனே. நீ பார்த்தேல்ல."

"பார்த்தேன். இப்ப 'வெளியே'ன்னு போட்டிருக்கிற ஆணியில தொங்குது. ஆடிக்கிட்டிருக்கு."

"நீ எடுத்தியா?"

"நான் நாற்காலியை விட்டே எழுந்திருக்கலை."

ஜன்னலில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்ப ஒருத்தர் மாட்டின டோக்கனை இன்னொருத்தர் மாத்த முடியும்தானே?"

"திரையைப் பாரு," என்றார். "ஏழாவது கட்டத்துல நம்பரை மட்டும் படி."

மூச்சை அடக்கிக்கொண்டார். தன் மூச்சாகத்தான் இருக்க வேண்டும். தான் உள்ளே இருப்பதால்தான்.

"நானூத்துப் பதிமூணு. பதினஞ்சு. பதினெட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "குறையுது. பதினாலு. பன்னிரண்டு. மறுபடி ஏறுது."

அவர் மூச்சு விடவே இல்லை.

சுற்றிலும் வெள்ளைக் குழாய்கள் சீறத் தொடங்கின.

முதலில் ஒன்று. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. வட்டமாக வந்து கதவருகே முடிந்தது. இடி விழுந்த இடத்தில் வருமே, அந்தக் கூரான வாசனை. கண் எரிந்தது. தொண்டையில் மணலை அள்ளிப் போட்டதுபோல இருமல் வந்தது. ஓட நினைத்தார். இருமல் விடவில்லை. ஏணியைப் பற்றிக்கொண்டார். பற்றிய கையில், புறங்கையில், நரம்புகளுக்கு நடுவே, ஒரு பழுப்புப் புள்ளி. தேய்த்தார். போகவில்லை. இன்னொன்று. இன்னும் நான்கு.

சொல்லிவிடலாம். இப்போதே. அவள் போனால் போகட்டும்.

வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினார். 'நான்தான்' என்று வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. நெஞ்சிலிருந்து விசில் மட்டும் வந்தது. மூன்று விநாடி வெளியே. இரண்டு விநாடி உள்ளே.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

"தம்பி?"

அவர் பொத்தானை விடவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். விடாமல் அழுத்தினால் எதிர்க் குரல் கேட்கக் கூடாது. கேட்டது.

"டேய், நீயாடா?" ஒரு வருஷமாக அவர் கேட்காத குரல் அது, அவ்வளவு வாஞ்சை. "நீ மாட்டினே, இல்ல? உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனேடா. யாருடா மாத்தினது? அக்காகிட்ட சொல்லு."

பதில் நாக்கில் இருந்தது. நுனி நாக்கில். வாய் திறந்திருந்தது. மூட முடியவில்லை.

குழாய்கள் நின்றன. சலசலப்பும் நின்றது. தலைக்கு மேலே அத்தனை இலைகளும் ஒரே சமயத்தில் அடிப்பக்கத்தைக் காட்டித் திரும்பின.

"சொல்லுடா. கேட்டுக்கிட்டே இருக்கேன்."

மேலே ஏணியின் படி ஒன்று கிரீச்சிட்டது. அடுத்த படி. அடுத்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு நீண்ட கை வந்து, அவர் தாடையைப் பிடித்து, மெல்ல மூடிவிட்டது.

அது மறுபடி திறந்துகொண்டது.