நாற்பத்தொன்றாம் எண்

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதிய வேளையில், கும்மிடிப்பூண்டியின் அந்தத் தகடு அழுத்தும் ஆலைக்குள் ஷைனி நுழைந்தாள். அடிக்கடி நின்றுபோகும் பிரஸ் இயந்திரம் ஒன்றின் புரோகிராமைச் சரிசெய்ய வந்திருந்தாள். எண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த வாடை மூச்சை அடைத்தது.

கை உள்ளே நீண்டால் பிரஸ்ஸை நிறுத்துவதற்கென்றிருந்த சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று பிடுங்கச் சொன்னவர் மேலாளர் துளசிராமன். மறுவாரமே, அதை இயக்கிவந்த தொழிலாளி தானியேல் அந்த அச்சுக்கடியில் நசுங்கி மாண்டான். உழைப்பவன் கையைவிட ஒரு நிமிடத்தைப் பெரிதென்று மதித்த ஆலை, அதற்கு விபத்தென்று பெயர் சூட்டியது.

"சென்சாரே இல்ல. கை கீதுன்னு மிஷினு நின்னுக்குது. ஒரே பேஜாரு மேடம்," என்றார் துளசிராமன்.

"தானியேலண்ணன் புடிச்சிக்கினு கீறாரு," என்றாள் பிரஸ்ஸை இயக்கும் கிரேஸ். "அவருக்கு மெமோ குடுத்துப் பாருங்க சார்."

ஷைனி லேப்டாப்பை இணைத்தாள். கட்டுப்பாட்டுப் பலகையின் சிப்புகள், சென்சார்கள் யாவும் இரண்டே கம்பிகளில் இணைந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைச் சொல்லி அழைத்தால் இருப்பது பதில் தரும். இல்லாதது மௌனம் காக்கும். அவளது புரோகிராம் வரிசையாக அழைத்தது.

பிடுங்கப்பட்ட சென்சாரின் எண் நாற்பத்தொன்று.

பதில் வந்தது.

அது இருந்த இடம் காலி. அங்கே செல்லும் கம்பிகளையும் துண்டித்துவிட்டு மீண்டும் அழைத்தாள்.

பதில் வந்தது.

"கை இல்லன்னே எப்பவும் சொல்ற மாதிரி எழுதிக் குடுங்க. முடியலன்னா காக்களூர்லேர்ந்து வேற ஆள வரவெச்சிக்கிறேன்," என்றார் துளசிராமன்.

பிழைப்பு போய்விடுமென்று அஞ்சி, ஷைனி அந்தப் பொய்யை எழுதினாள். பிரஸ் ஓடியது. சிக்கிய தகட்டை எடுக்கக் கிரேஸ் கையை நீட்டினாள். அச்சு இறங்கியது.

அவள் விரல்களுக்கு மேலே, ஒரு நகத்தளவில் நின்றது.

"கிரேஸ், கைய எடுங்க," என்றாள் ஷைனி மெல்ல.

பொய் வரி அப்படியே இருந்தது. அதை மீறி நிறுத்தியது நாற்பத்தொன்று. ஷைனி அவ்வரியை அழித்தாள். "புது சென்சார் போடாம இத ஓட்டக்கூடாது சார்."

துளசிராமன் சென்சார் வாங்கிவர ஆளை அனுப்பிவிட்டு மாடி அறைக்குப் போனார்.

மதியம் புதிய சென்சாரைப் பொருத்தி, பிரஸ் மோட்டாரின் மின்சாரத்தை மட்டும் அணைத்துவிட்டு, ஷைனி எண்களை மீண்டும் அழைத்தாள். நாற்பத்தொன்று பதில் தந்தது. எந்தச் சிப்புக்கும் தரப்படாத நாற்பத்திரண்டும் பதில் தந்தது.

"அண்ணன் எடம் வுட்டு நவுந்துக்கினாரு," என்று முணுமுணுத்தாள் கிரேஸ்.

எதிரே இருப்பதன் தூரத்தைச் சொல்வது சென்சாரின் வேலை. இரண்டடிக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. நாற்பத்திரண்டோ அறுபதடி என்றது.

மாடிப்படியில் காலடியோசை. துளசிராமன் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

ஐம்பது.

நாற்பது.

மின்சாரமில்லாத பிரஸ்ஸின் அச்சு, ஓசையின்றி மேலே எழுந்தது.