எம்போங்கின் குளியல் தொட்டி

வெள்ளிக்கிழமை, காலை 6.40.

எம்போங் போட்ட கூச்சலில் துறையே விழித்துக்கொண்டது.

அலைத்தடுப்புக்குள் கடல் வற்றிக் கிடந்த நேரம். அவருடைய படகு சேற்றில் பின்புறத்தை ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே எஞ்சின் கழுத்தளவு தண்ணீரில் முழுகிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் அது. வியாழன் மாலை கட்டிப்போட்ட முப்பது படகுகளும் வரிசையில் நின்றன. இருபத்தொன்பது உள்ளே தண்ணீரில்லாமல் சேற்றில் நேராக உட்கார்ந்திருந்தன.

"கவுத்துட்டான்! என் மச்சான் டெராமான் என் குடியக் கவுத்துட்டான்!"

காலை 7.15.

காவல் நிலையத்துப் பெண் சார்ஜன் கல்தோம் ஈரச் சீருடையில் வந்து சேர்ந்தார். நேற்று மாலை ஏழு மணிக்குப் பிடித்த மழை விடிகாலை நாலுக்குத்தான் விட்டது. கொடியில் கிடந்த இரண்டு சீருடைகளும் நனைந்துபோயின. விடுப்பு நாள் வேறு. காலைப் பசிக்கு நாசி டாகாங் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்த கையோடு ஓடி வந்திருந்தார். அந்தக் கோபமெல்லாம் காலணியில் தெரிந்தது. ஏணியில் தொம் தொம்மென்று இறங்கினார்.

படகைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி இழை உடம்பில் ஒரு கீறல் இல்லை. பின்பக்க மூலைகளில் மேல்தளத்துத் தண்ணீர் வெளியேற இரண்டு வடிகால் துளைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனில், திறந்தே இருந்தன. தளத்தின் நடுவே எஞ்சின் அறைக்கு ஒரு மரமூடி. மூடியைச் சுற்றி வரம்பு கிடையாது. தளமும் மூடியும் ஒரே மட்டம்.

எஞ்சினைத் தடவியதில் கையெல்லாம் எண்ணெய். எம்போங்கின் சோப்புத் துண்டு சுக்கான் பக்கம் கிடந்தது. எஞ்சின் அறையிலிருந்தே ஒரு குவளை மொண்டு தேய்த்துக் கழுவினார். நுரை முழங்கை வரை வந்தது. அதற்குள் கைப்பேசி அடித்தது. சோப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாவட்டத்து இன்ஸ்பெக்டர். எம்போங் ஏற்கெனவே அவருக்குப் போன் போட்டுப் புகார் சொல்லியிருந்தார். "புகார்ல பேரு இருக்குல்ல? மூணு மணிக்கு வர்றேன். அந்த டெராமானைத் தயாரா வை. உள்ள போட்டுட்டு மத்தத விசாரிப்போம்."

"சார், இன்னும் ஒண்ணும் தெரியல…"

"மூணு மணி."

கல்தோம் பல்லைக் கடித்தார். டெராமானை அவருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். லாக்கப் வாசலை மிதித்தவனுக்கு இந்த ஊரில் அடுத்த நாள் படகில் ஆள் ஏறாது. மழைக்காலம் கடலை அடைக்க இன்னும் நாலே வாரம்.

காலை 8.00.

"யாரு முதல்ல பாத்தது, பொக் எம்போங்?" என்றார் கல்தோம். மூத்த ஆண்களை அந்த ஊரில் 'பொக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாந்தான். சுபுஹ் முடிஞ்சு நேரா இங்க வந்தேன். எனக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா வரல."

"தொழுகை ஆறே காலுக்கு முடிஞ்சுது. மசூதி ரெண்டு நிமிஷ நடை. நீங்க கத்துனது ஆறு நாப்பதுக்கு."

"அதிர்ச்சி சார்ஜன்! வாய் வரல!"

"உங்களுக்கா?" என்றார் கல்தோம். கோப்பிக் கடைப் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது.

"அந்த வடிகால் துளை ரெண்டும்?"

"திறந்துதான் இருந்துச்சு. எப்பவும் திறந்துதான் கெடக்கும். அடைக்கிறதுக்கு அது என்ன வாயா?"

"ராத்திரி பூரா மழை. மழைத்தண்ணியா இருக்கக் கூடாதா?"

"மழை என் படகுக்கு மட்டும் தனியாவா பேஞ்சுது? மத்ததெல்லாம் நல்லாத்தானே நிக்குது! நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் என் படகுலேருந்து இறங்கினத கோப்பிக் கடையே பாத்துச்சு. என் படகுல அவனுக்கு என்ன சோலி? நாலு மாசமா என் வீட்டு வாசப்படி மிதிக்காதவன்!"

நாலு மாதக் கதை ஊருக்கே தெரியும். நாட்டின் மேற்குக் கரையிலிருந்து எம்போங் பழைய படகு ஒன்றை வாங்கி, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக ஊரைக் கூட்டிக் காட்டினார். சின்ன எஞ்சினுக்குச் செய்த படகில் முன்னாள் சொந்தக்காரன் எவனோ பெரிய எஞ்சினை ஏற்றியிருந்தான். பின்பக்கம் அமுங்கியே நிற்கும். டெராமான் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கோப்பிக் கடையில் சொன்ன ஒரே வாக்கியம்: "இது படகில்ல மச்சான், குளியல் தொட்டி." அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. படகின் முகப்பில் எழுதியிருந்த பெயரை அதன் பிறகு யாரும் சொல்லவில்லை.

காலை 9.30.

எம்போங்கின் மனைவி மெக் எசா குளியலறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரோஸ் கலர்ல புதுச் செருப்பு, தோம். போன வாரந்தான் வாங்கினேன். ஒண்ண காணோம். இந்தப் பூனைய என்ன பண்றதுன்னே தெரியல."

"அக்கா, ஒரு படகு முழுகிக் கெடக்கு. உங்க தம்பி லாக்கப்புக்குப் போகப்போறான்."

மெக் எசாவின் முகம் சுருங்கியது. "அவன் செய்ய மாட்டான்."

"அப்ப எதுக்கு ஏறினான்?"

"எனக்கென்ன தெரியும்?" மெக் எசா கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

காலை 10.40.

டெராமான் கொட்டகையில் மரம் இழைத்துக்கொண்டிருந்தார். மேசையில் புதுச் சட்டம் ஒன்று: மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நாலு விரல் உயரம். கீழ் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு, பொக் மான்?"

"கோழிக்கூட்டுக்கு."

"உங்ககிட்ட கோழி இல்லையே."

"வாங்குவேன்."

"ரப்பர் வெச்ச கோழிக்கூடா? கோழி கடலுக்குப் போகுதா?"

டெராமான் இழைப்புளியை மறுபடி ஓட்டினார்.

"நேத்து ஆறு மணிக்கு அந்தப் படகுல என்ன பண்ணீங்க?"

"ஏறினேன். இறங்கினேன்."

"எனக்கு இது பத்தாது. மூணு மணிக்கு ஜீப் வருது."

"வரட்டும்."

கல்தோமுக்கு அந்த இழைப்புளியைப் பிடுங்கிக் கடலில் எறியத் தோன்றியது. புகார் கொடுத்தவர் வாயை மூடமாட்டேன் என்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். நடுவில் இவர் ஈரச் சட்டையோடு அலைய வேண்டியிருக்கிறது.

பிற்பகல் 12.50.

ஆண்கள் எல்லோரும் ஜும்ஆ தொழுகையில் இருந்தார்கள். கடைகள் பூட்டிக் கிடந்தன. காலையில் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்திருந்ததால், ஏறிவரும் கடலில் எம்போங்கின் படகு மறுபடி மிதந்தது. கல்தோம் ஒரு பொட்டலம் கெரோபோக் மீன் அப்பளத்தைத் தின்று முடித்து, துறைப் படியில் குனிந்து கை கழுவினார். பையில் அதே சோப்புத் துண்டு.

தேய்த்தார். வழுக்கியது, நுரைக்கவில்லை. மறுபடி தேய்த்தார். வெள்ளையாகப் பிசுபிசுத்தது, அவ்வளவுதான்.

"சீ, சோப்பும் சதி பண்ணுது," என்று எழுந்தவர், அப்படியே நின்றார். பிறகு எம்போங்கின் படகைத் திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த இரண்டு துளைகள் வழியாகவும் கடல்நீர் மெல்ல உள்ளே ஏறி, தளத்தில் பரவிக்கொண்டிருந்தது.

பிற்பகல் 1.50.

தொழுகை முடிந்து துறைக்கு வந்த கூட்டத்தில் எம்போங்கும் இருந்தார், டெராமானும் இருந்தார். நடுவில் பத்துப் பேர் இடைவெளி. மெக் எசாவைக் கல்தோமே வரச் சொல்லியிருந்தார்.

"பொக் எம்போங், உங்க படகுல யாராச்சும் ஓட்ட போட்டாங்களா?"

"பின்ன?"

"காலைல கடல் வத்தி, படகு தரையில உக்காந்திருந்துச்சு. ஓட்ட இருந்தா உள்ள இருந்த தண்ணி வெளிய ஓடியிருக்கணும். ஒரு சொட்டு ஓடல. ஓட்ட இல்ல."

கூட்டம் தலையாட்டியது. எம்போங் ஆட்டவில்லை.

"ரெண்டாவது. காலைல எஞ்சின் ரூம் தண்ணியில சோப்புப் போட்டேன். நுரை முழங்கைக்கு வந்துச்சு. இப்ப கடல் தண்ணியில அதே சோப்பப் போட்டேன். நுரைக்கல. உப்புத் தண்ணியில நுரைக்காதுன்னு மீனவன் வீட்டுப் பொண்ணு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஆறு மணி நேரம் மறந்து திரிஞ்சேன். உள்ள இருந்தது கடல் இல்ல, மழை."

"மழைன்னா வடிகால் வழியா போயிருக்குமே!" என்றார் எம்போங். சொன்ன மறுகணமே வாயை மூடிக்கொண்டார்.

"அதத்தான் நானும் கேக்கறேன். வடிகால் திறந்திருந்தா மழை வெளிய போயிருக்கும். இதோ பாருங்க, கடல் உள்ள வந்திருக்கும். பின்பக்க பாரத்துல துளை கடல் மட்டத்துக்குக் கீழ போயிடுது. மூடிக்கு வரம்பு இல்ல, தளத்துல நிக்கிறதெல்லாம் எஞ்சின் ரூமுக்குத்தான் போகும். மத்த ராத்திரி கடல்ல ஓடற படகு, வர்ற தண்ணி ஓடற வேகத்துல வெளிய போயிடும். கட்டிப்போடறது வியாழன் ராத்திரி மட்டுந்தான். அப்ப ஒவ்வொரு வியாழனும் யாரோ அந்தத் துளைய அடைச்சாத்தான் இது இத்தன நாள் மெதந்திருக்கும். இதுவரைக்கும் வியாழக்கிழமையில பெரிய மழை இல்ல. நேத்து பேஞ்சுது. கடல் வரக் கூடாதுன்னு அடைச்ச அடைப்பு, மழையப் போகவிடல."

கல்தோம் எம்போங் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி அடைச்சிருந்த துளை நான் பாக்கும்போது திறந்திருந்துச்சு. அப்ப காலைல யாரோ பிடுங்கிட்டாங்க. எனக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா வரலன்னு சொன்னது யாரு?"

அந்த நேரத்தில்தான், காலையில் துறைக்கடியில் சேற்றில் எறியப்பட்டவை ஏறிய கடலில் மிதந்து படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தன. கட்டைவிரல் பருமன். செருப்பு அடியிலிருந்து செதுக்கியெடுத்த இரண்டு தக்கைகள். ரோஸ் கலர்.

"ஐயோ, என் செருப்பு!" என்றார் மெக் எசா.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. எம்போங் சிரிக்கவில்லை. அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"பழைய தக்கை தேஞ்சுபோச்சு," என்றார் மெதுவாக. "காலைல பாத்ததும் என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுபோச்சு. தக்கையப் பிடுங்கி எறிஞ்சேன். இருபது நிமிஷம் நின்னேன். ஊரு என்ன சொல்லும்னு நெனச்சேன். அவன் ஏறி இறங்கினது ஞாபகம் வந்துச்சு. வாயி தானா கத்திடுச்சு."

கல்தோம் டெராமான் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியும். ஆறு மணிக்கு ஏறினப்பவே தக்கையப் பாத்தீங்க. அந்தச் சட்டம் கோழிக்கு இல்ல, இந்த மூடிக்கு வரம்பு. அளவெடுக்க அக்கா அனுப்பினாங்க."

"அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா," என்றார் டெராமான். "தொட்டின்னு ஒரு வார்த்த சொன்னதுக்கே நாலு மாசம் மொகத்தப் பாக்கல. செருப்பு வெச்சு அடைக்கிறாருன்னும் நான் சொல்லணுமா?" வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மேகத்தையும் பாத்தேன், சார்ஜன். பிடுங்கிப் போட்டா ஆள் ஏறினது தெரிஞ்சிடும்னு அப்படியே விட்டுட்டேன். பாதித் தப்பு என்னோடது."

எம்போங் மச்சானை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். தன் மானத்துக்காக லாக்கப்புக்குப் போகத் துணிந்தவன் எதிரே நிற்கிறான். அந்தப் பார்வையை அவரால் அதிக நேரம் தாங்க முடியவில்லை.

பிற்பகல் 3.00.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். "எங்க அந்த ஆளு? படகக் கவுத்தது யாரு?"

கல்தோம் பேனாவைத் திறந்துகொண்டு எம்போங்கைப் பார்த்தார். உதவிக்குப் போவதாக இல்லை. கோப்பிக் கடை முழுக்க வாசலுக்கு வந்து காது கொடுத்து நின்றது. எம்போங் தொண்டையைச் செருமினார்.

"யாரும் கவுக்கல சார். புகார வாபஸ் வாங்கிக்கறேன். நேத்து மழையில…" கூட்டத்தில் மச்சானைத் தேடிப் பிடித்து, அவரைப் பார்த்தே உரக்கச் சொன்னார்: "என் குளியல் தொட்டி நெறஞ்சிடுச்சு."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. டெராமான் ஏற்கெனவே சட்டத்தை எடுத்துவரக் கொட்டகைக்கு நடந்துகொண்டிருந்தார்.